பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது

என் மகள் துவக்கு உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்பதை நான் அறிந்தது குசினியில், மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது. அவள் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி, அடுத்த மாதம் ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார், என்னைப் பற்றி உங்களிடம் விசாரிப்பார் என்றாள். அதே மூச்சில் தயிர் எங்கே என்றும் கேட்டாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

தயிரை எடுத்துக் கொடுத்துவிட்டு, எந்த அதிகாரி, என்ன விசாரணை என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் ஒருவர் சொந்தமாகத் துவக்கோ எந்தத் துப்பாக்கியோ வைத்திருக்க வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும், வீட்டில் இரும்பு அலுமாரி பொருத்த வேண்டும். பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து நெருங்கிய உறவினர் ஒருவரைத் தனியாக இருத்தி, இந்த ஆளை நம்பித் துவக்கைக் கொடுக்கலாமா என்று கேட்பார். அந்த உறவினராக அவள் என்னைக் குறித்துக் கொடுத்திருந்தாள். அப்பாவைக் கொடுத்திருக்கலாமே என்றேன். அப்பா பகிடி விடுவார் என்றாள். அது உண்மைதான்.

கிழங்கை உரித்து முடித்தேன். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போடத் தொடங்கினேன்.

மகளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மனுகாவில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை. லின்ஃபீல்டில் எங்களோடுதான் இருக்கிறாள். வாடகை கொடுத்துத் தனியாக இருப்பது முட்டாள்தனம் என்று அவளே சொல்லுவாள், அதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. ஒரு வருடத்துக்கு மேலாக அவள் சில வார இறுதிகளில் காம்பிங் போய்க்கொண்டிருந்தாள். கிளினிக்கில் கூட வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரத் தோழியும், அந்தத் தோழியின் சித்தியும் கூட்டிக்கொண்டு போவார்கள். சித்தி தபால் வேன் ஓட்டுகிறவர். காம்பிங் என்று அவள் சொன்னது பொய்யில்லை, கூடாரம் அடித்துத்தான் படுத்தார்கள். விடியப்புறம் எழும்பி மான் தேடிப் போனார்கள் என்ற பகுதியை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒருமுறை ஒரு பொதி இறைச்சி கொண்டுவந்தாள். தோழி வீட்டில் தந்தார்கள் என்றாள். நான் தூள் போட்டு, றம்பை இலை போட்டு, நல்ல பிரட்டலாக வைத்தேன். இவர், அதாவது என் கணவர், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எந்தக் கடை ஆடு என்று கேட்டார். அன்றைக்கு மகள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். அவள் தானாகத் தட்டுக் கழுவினாள் என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆக, குசினியில் நான் சத்தம் போட்ட அன்று எல்லாம் வெளியே வந்தது. மானைச் சுடுவது பாவம் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையில் நின்று, எலும்போடு வெட்டு, கொழுப்பை எடு என்று சொல்லி வாங்குகிறீர்களே, அந்த ஆடு தானாகவா செத்தது என்று கேட்டாள். அது வேறு என்றேன். எப்படி வேறு என்றாள். வேறென்றால் வேறுதான் என்றேன். இந்த விவாதம் மூன்று நாள் நடந்தது, இதைவிட முன்னேறவில்லை.

நான்காம் நாள் அவள் தன் பக்கத்தைச் சொன்னாள். முதல் எட்டு மாதமும் அவள் துவக்கைத் தொடவே இல்லையாம். அவர்களுக்குப் பின்னால் நடந்திருக்கிறாள், ஈரப்புல்லில் குப்புறப் படுத்துத் தூரக்கண்ணாடியால் பார்த்திருக்கிறாள், இறைச்சியை முதுகில் சுமந்து மலை இறங்கியிருக்கிறாள். சுமந்தவளுக்கும் சுட்டவளுக்கும் சரிபாதிப் பங்கு என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஒன்பதாம் மாதம் சித்தி பக்கத்தில் படுத்திருக்க, ஒரு காட்டாட்டைச் சுட்டாளாம். சுட்டுவிட்டு அழுதாளாம். சித்தி அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு கத்தியைக் கொடுத்தாராம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் பருப்பைக் கருக விட்டேன்.

உரிமம் இல்லாதவர் இன்னொருவர் பக்கத்தில் நின்றால்தான் சுடலாம். அது தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். ஓர் உயிரை எடுப்பதென்றால் அது என் பொறுப்பில் நடக்க வேண்டும், இன்னொருவர் பொறுப்பில் ஒளிந்துகொண்டு செய்யக்கூடாது என்றாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. அவர்களுடைய வேட்டைச் சங்கத்தில் இளம் ஆட்கள் வருவதில்லை, வருகிற எல்லோருக்கும் முழங்கால் வலி. ஆகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாக உரிமம் எடுத்தவர் அடுத்த வருடம் ஒரு புது ஆளைக் கூட்டிவந்து பழக்க வேண்டும். சித்தியின் சொந்தப் பிள்ளைகள் மூவரும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். அவருக்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து தோழியும் என் மகளும்தான் மிச்சம். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடக் கூட்டத்திலும் இதே ஒப்பாரிதான், ஆனால் நாங்கள் வடை சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவோம்.

இவரைத் துணைக்கு இழுத்தேன். என்னோடு சேர்ந்து இவரும் மறுப்பார் என்று நம்பினேன். துவக்கு என்றதும் இவர் முகம் சுளித்தது உண்மை. பரீட்சை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இவர் யாழ்ப்பாண நகரத்துக்காரர். பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. வேலைத்தளத்தில் அந்தக் கையேட்டை முழுதாக அச்செடுத்து, சுருள்கம்பி போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். இரவுச் சாப்பாட்டு மேசையில் கேள்வி கேட்டார். துவக்குப் பாதுகாப்புக்கு ஏழு விதிகள் உண்டு. எந்தத் துவக்கையும் குண்டு போட்டதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்பது முதலாவது. சுடுகிற இலக்கு எதுவென்று சந்தேகமில்லாமல் அறிய வேண்டும் என்பது நாலாவது. மகளுக்கு இரண்டு கிழமையில் பாடம். இவருக்கு ஒரு கிழமையில் பாடம். பரீட்சையில் அவள் முழுப் புள்ளி எடுத்தபோது இவர் தன் தம்பிக்கு லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து, மகள் பாஸ் என்றார். எதில் என்று சொல்லவில்லை.

அடுத்தது இரும்பு அலுமாரி. அதைச் சுவரின் மரச்சட்டத்தோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் தோதான உறுதியான சுவர் ஒன்றே ஒன்று, சாமித்தட்டு இருக்கிற நடைச்சுவர். இவர் எலெக்ட்ரீஷியன், துளை போடுவது கைவந்த வேலை. முருகனை இரண்டடி இடப்பக்கம் தள்ளிவைத்துவிட்டு அலுமாரியைப் பூட்டினார். அதை வேனிலிருந்து இறக்கும்போது பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "ஏங்க, நகைக்கு இவ்ளோ பெரிய லாக்கரா?" என்று கேட்டாள். ஓம், நகைக்குத்தான் என்றேன். என்னிடம் இருக்கிற நகையை ஒரு சின்னச் சுண்டுப் பேணிக்குள் போடலாம்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதிகாரி வந்தார். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன், அன்றைக்கு லீவு எடுத்திருந்தேன். பெண்பார்க்க வருகிறவர்களுக்கு ஆயத்தம் செய்வதுபோல வீட்டைத் துடைத்து, கேக் சுட்டு, வடை பொரித்து வைத்திருந்தேன். வந்தவர் அறுபது வயதளவில் ஒரு பெண். சீருடை இல்லை, கம்பளிச் சட்டை. கையில் மட்டும் ஒரு கோப்பு. பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, கேக்கைப் புகழ்ந்துவிட்டு, கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். உங்கள் மகள் ஒரு வருடமாக வேட்டைக்குப் போவதாக எழுதியிருக்கிறார், அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னேன், இல்லை.

பேனா நின்றது. இல்லையா என்று கேட்டார். இல்லை, அவள் துவக்கைத் தொட்டதே கிடையாது என்றேன். என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில்தான் இருப்பாள், படிப்பாள். வார இறுதியில் வெளியே தங்குவதுண்டா என்று கேட்டார். கோயிலுக்கு மட்டும் போவாள் என்றேன். நண்பர்கள்? அப்படி ஒருவரும் இல்லை. கோபம் வருமா? கோபமே வராது, வாயே திறக்க மாட்டாள். பலூன் உடைந்தாலே பயந்து அழுவாள் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து நடைக்குப் போய் அந்த இரும்பு அலுமாரியைப் பார்த்தார். இது எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். நகைக்கு என்றேன்.

ஒழுங்காக, மரியாதையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பொய் சொன்னேன். வாய் என்னுடையது, சொல்லெல்லாம் என் அம்மாவினுடையது. நான் வன்னிக்காரி. நான் பாவாடை சட்டை போட்ட காலத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகளைத் தேடி எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். யார் வந்து என்ன கேட்டாலும் அம்மா வேலிப் படலையடியில் நின்று, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது ஐயா என்பா. சீருடையோடு வந்தவர்களுக்கும் அதே பதில், சாரம் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் அதே பதில். கோப்போடு வருகிற ஆளுக்கு வீட்டுப் பிள்ளையைப் பற்றி வேறு பதில் இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அதிகாரி இரண்டாவது துண்டு கேக்கையும் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு இவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு சொல்லும் வாயை விட்டுப் போகவில்லை, எல்லாவற்றையும் வெட்டிப் பேசிவிட்டேன் என்றேன். இவர் மறுமுனையில், என்ன கேட்டார், நீர் என்ன சொன்னீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன். பலூன் வரைக்கும் வந்தபோது இவர், "இஞ்சேரும், நீர் பெயில்" என்றார்.

மகளுக்கு அடுத்த கிழமை மின்னஞ்சல் வந்தது. அவள் தந்த விபரங்களும் குடும்பத்தார் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, மேலும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள். அர்த்தம் என்னவென்றால், இந்தப் பெண் ஒரு வருடமாக வீட்டுக்குத் தெரியாமல் துவக்கோடு திரிகிறாள், வீட்டு நடையில் அலுமாரி பூட்டி நகைக்கென்று பெற்றோரை ஏமாற்றியிருக்கிறாள். அல்லது அவள் எழுதியது முழுக்கப் பொய். எப்படிப் பார்த்தாலும் நம்பக்கூடிய ஆளில்லை. ஒருமுறை மறுத்துவிட்டால் அது பதிவில் கிடக்கும், இனி எப்போது விண்ணப்பித்தாலும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும் என்றும் அவள் சொன்னாள். ஏப்ரல், ஆண் மான்கள் காடதிரக் கத்துகிற காலம். வருடம் முழுக்க அந்தக் குடும்பம் காத்திருப்பது அப்போது காட்டில் கழிக்கிற மூன்று நாளுக்காக. அதற்குப் பத்துக் கிழமைதான் இருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நானும் ஆயத்தமாக இருந்தேன். அவள் கத்தவில்லை. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, அவளுக்கு வராத தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, நான் எல்லாம் உண்மை எழுதினனான். நீங்கள் என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்கள்."

எனக்கு ஆத்திரம் வந்தது. உன்னை ஆர் என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னது என்று கேட்டேன். எனக்கு மானும் வேண்டாம், மயிரும் வேண்டாம் என்றேன். அவள் அறைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. நான் சமைத்ததை அவள் தொடவில்லை, தெருமுனை டெயரிக் கடையில் பாணும் சீஸும் வாங்கி வந்து சாப்பிட்டாள். நான் வேண்டுமென்றே இறால் பொரித்தேன். அதற்கும் அவள் வரவில்லை. அப்போதுதான் நான் செய்த வேலையின் கனம் எனக்கு விளங்கியது.

இவர் சமாதானத்துக்கு வந்தார். அந்த அதிகாரிக்கு எழுதி, அம்மா பதற்றத்தில் பிழையாகச் சொல்லிவிட்டா, திரும்ப ஒருமுறை கதைக்க விரும்புகிறா என்று மகளைக் கேட்கவைத்தார். அவர்களும் சரி என்று ஒரு நாள் தந்தார்கள். அதன்பிறகு இவர் என்னைப் பரீட்சைக்குத் தயார் செய்யத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் தான் அதிகாரியாக உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கேள்வி கேட்டார். மகள் என்ன வேலை? சொன்னேன். வார இறுதியில் எங்கே போகிறவ? சொன்னேன். போன முறை ஏன் பொய் சொன்னீர்?

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். உங்களுக்குத் தெரியாதா என்றேன். இவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. எனக்கு ஓர் அண்ணா இருந்தார் என்றும் அவர் சின்ன வயதில் காய்ச்சலில் தவறிப்போனார் என்றும் சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தேன். அதைச் சொல்லத் தொடங்கியபோது அவளுக்கு ஐந்து வயது. பிறகு அதை மாற்றுவதற்கு ஒரு நல்ல நாள் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை அதிகாரி வந்தது சனிக்கிழமை. மகள் வீட்டில் இருந்தாள், தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லிய ஜிப் பலகை. பக்கத்து அறையில் தும்மினால் இந்த அறையில் நூறு வயசு சொல்லலாம். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் அந்த மேசையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேக் சுடவில்லை, கடை பிஸ்கட்.

அவர் கோப்பைத் திறந்து, போன முறை நீங்கள் சொன்னதில் எதையாவது திருத்த விரும்புகிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றையும் என்றேன். பிறகு எனக்கிருக்கிற ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

நான் பிறந்த இடத்தில் கையில் கோப்போடு ஒருவர் வந்து பிள்ளையைப் பற்றிக் கேட்டால், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். என் அம்மா எங்கள் அண்ணாவுக்காக அதை நாலு முறை சொன்னா. மூன்று முறை அது வேலை செய்தது. நாலாவது முறை வந்தவர்கள் அம்மா சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்குப் பத்தொன்பது வயது. ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், தோளில் துவக்கோடு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். நேரமில்லை என்றார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. செய்தியும் வரவில்லை. ஆகவே எந்த நாளில் திவசம் கொடுப்பதென்று எங்களுக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. அதிகாரி பேனாவை மேசையில் வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அதிகாரி, அப்படியென்றால் இந்த வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குப் பயமாக இருக்குமா என்று கேட்டார். நிச்சயமாக இருக்கும் என்றேன். நடையைக் கடக்கும்போதெல்லாம் பயமாக இருக்கும், அந்த அலுமாரி இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது, இப்போதே பயமாக இருக்கிறது. அப்போ மகளைப் பற்றிப் பயமா என்றார். அவர் பேனாவை மீண்டும் கையில் எடுத்தது எனக்குத் தெரிந்தது. இங்கே நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். துவக்கு இந்த வீட்டுக்குள் வராது, நான் நிம்மதியாக நடையில் நடக்கலாம், அவளும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் நான் உண்மையாகவே பயப்படுகிறேன். ஒரு தாய் பயப்படுகிறாள் என்பதைவிட நல்ல காரணம் அவர்களுக்கு வேண்டியதில்லை.

"இல்லை" என்றேன். "துவக்குக்குப் பயம். அவளுக்குப் பயமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்குக் கோபம் வரும். என்னிடமிருந்து வந்தது. அலுமாரிக் கதவுகளை அடிப்பாள், இரண்டு நாள் கதைக்க மாட்டாள். ஆனால் ஒருவரையும் அடித்ததில்லை, ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. இந்த வீட்டில் பொய் சொல்லுகிற ஆள் நான்."

அவர் எழுதினார். எழுதி முடித்ததை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். அண்ணாவைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, அது பிழையில்லாமல் இருந்தது. கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார். எங்கள் ஊரில் அதிகாரி எழுதிய தாளில் கையெழுத்து வைப்பவர்களைப் பற்றி அம்மா என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியும். வைத்தேன்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால், மகள் நடையில் நின்றாள். கண் சிவந்திருந்தது. அவள் ஆங்கிலத்தில் தொடங்கி, நிறுத்தி, பிறகு தமிழில் சொன்னாள்.

"மாமாவுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னீங்கள்."

"ஓம்" என்றேன். "சொன்னனான்."

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. நாங்கள் அப்படியான குடும்பம் இல்லை. மத்தியானம் என்ன சமையல் என்று கேட்டாள். நான் ஒன்றும் வைக்கவில்லை என்றேன். அவள் முட்டை பொரித்தாள், உப்புக் கூடிவிட்டது. இவரோடு மூவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

உரிமம் மார்ச் நடுவில் வந்தது. படத்தோடு ஒரு சின்ன அட்டை. இவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சாமித்தட்டில் வைத்துத் திருநீறு பூசினார். துவக்கை மகளும் தோழியின் சித்தியும் சேர்ந்து போய் வாங்கி வந்தார்கள். அது அலுமாரிக்குள் போனபோது நான் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் விட்டேன்.

ஏப்ரலில் அவர்கள் புரியோரா காட்டுக்கு வெளிக்கிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் நிற்பேன் என்று சொன்னாள். அங்கே தொலைபேசி வேலை செய்யாது, எடுத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். நான் தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டைச்சம்பல் இடித்து, மூன்று பேருக்குக் கட்டிக் கொடுத்தேன். சித்திக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டதற்கு, ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் சாப்பிடுவா என்றாள்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். இல்லத்தில் ஒரு கிழவருக்கு இரண்டு தரம் மாத்திரை கொடுக்கப் பார்த்துப் பிடிபட்டேன். இவர் வானிலை பார்த்தார், திரும்பப் பார்த்தார், நாலாவது விதியைச் சத்தமாகச் சொன்னார். நான் ஏழையும் சொல்லச் சொன்னேன். சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து சமைத்து, வீடு கூட்டி, கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டி, இரண்டரை மணிக்கே முன் யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். நாலு மணியாயிற்று. வரவில்லை. நாலே கால். இவர் மோட்டர்வேயில் நெரிசலாக இருக்கும் என்றார். தகனினிப் பக்கம் எப்போதும் அப்படித்தான் என்றார். அம்மா அந்த வேலியடியில் எத்தனை பின்னேரம் நின்றா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு முப்பத்தைந்துக்குக் கார் வந்து நின்றது. அவள் இறங்கினாள். முழங்கால்வரை சேறு, கன்னத்தில் ஒரு கீறல், தலைமயிரில் இலைச் சருகு. சில்லி பின் ஐஸ் பெட்டியை இவரிடம் கொடுத்தாள், தோளில் துவக்குப் பையோடு வாசற்படிக்கு வந்தாள். பசிக்குது என்றாள்.

துவக்கோடு காட்டுக்குப் போன ஒரு பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு வா என்றேன்.